பிஷப் மாமாவும் முப்பது பொடியன்களும்

இதில் அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒளிக்கிற விஷயம் ஒன்றுமில்லை, டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சொல்லுவார்கள். ஆனால் அவர் இருந்த காலத்தில் ஒருநாள், "மாமா, உங்களைப் பற்றி நான் எழுதத்தான் போறன்" என்று பகிடியாகச் சொன்னேன். "எழுதும் பிள்ளை. என்ர பேரை விட்டிட்டு மற்ற எல்லாற்ற பேரையும் போடும். விடுபட்டுப்போன சனம் எவ்வளவு கிடக்கு, எனக்கென்ன அவசரம்?" என்றார். அந்த மனிதரோடு கதைத்து வென்றவர் ஒருவரும் இல்லை. ஆகவே அவர் இதில் பிஷப் மாமாவாகவே இருக்கட்டும்.

பிஷப் என்றதும் வேதக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பச்சைச் சைவம். வெள்ளிக்கிழமையில் மீன் பொரிக்கிற வீட்டுக்குள் காலடி வைக்கமாட்டார். கட்டையான ஆள், காது நிறைய மயிர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. அவரும் என் அப்பாவும் ஒரே பின்னல் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர்கள். பிழையாகப் பின்னி வந்த ஸ்வெட்டர்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அப்படி எடுத்த ஒரு பச்சை ஸ்வெட்டரை, வலது கை நீளம், இடது கை கட்டை, பத்துப் பதினைந்து குளிர்காலம் போட்டுக் கிழித்தார்.

அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. வைத்தியர் பார்க்கிற வருத்தம் இல்லை. ஒரு கதையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருடைய பெயரும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "ஆரையும் விடப்படாது" என்று நாளுக்கு நாலு தரம் சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒரேயொரு தரம், தெரிந்துகொண்டே, ஒரு பெயரை விட்டார். அது என்னுடைய பெயர். அதை அவர் திரும்ப எழுதினாரா இல்லையா என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆனால் அவரைத் தெரியாத ஆளுக்கு அதை மட்டும் சொன்னால் விளங்காது.

வந்த புதிதில் அப்பாவும் அவரும் ஒன்றாக டேனிஷ் படித்தார்கள். வாய்மொழிச் சோதனைக்கு ஏதாவது ஒரு தலைப்பில் ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும். அப்பா வெண்ணெயைப் பற்றிக் கதைத்தார். இவர், படிப்பித்த ரீச்சர் கொடுத்த சரித்திரப் புத்தகத்தில் நாலே நாலு வரி வந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டார். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தின ஒரு பிஷப். ஆங்கிலோ-சாக்சன்காரர், அதாவது இங்கிலாந்து பிறந்த நாடு, கடல் தாண்டி வேறு நாட்டில் போய் வேலை செய்தவர். வைக்கிங்குகளின் காலத்துக்கும் முன்பே வேதம் சொல்ல டென்மார்க்குக்கு வந்தார். இங்கே இருந்த ராசா பொல்லாதவன். ஆனாலும் மரியாதையாக வைத்திருந்தான், சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பிஷப் திரும்பிப் போனார். போகும்போது இந்த நாட்டுப் பொடியன்கள் முப்பது பேரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார்.

மாமா இதையெல்லாம் டேனிஷில் சொல்லி முடித்துவிட்டு, சோதனை எடுத்த பெண்ணைப் பார்த்து, "அந்த முப்பது பேருடைய பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. "ஒரு பெயராவது?" என்றாராம். "சோதனைக்குப் போனவன் சோதனை வைச்சிட்டு வந்தான்" என்று அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எப்படியோ பாஸ் பண்ணிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பட்டம்தான் பிஷப்.

சோதனையோடு விட்டாரா? இல்லை. நூலகத்தில் சொல்லி வைத்து எங்கிருந்தோ புத்தகங்களை வரவழைத்தார். ஆங்கில அகராதி ஒரு கையில், டேனிஷ் அகராதி மறு கையில். பிஷப்பின் வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன் என்று கொப்பிகளை நிரப்பினார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த பால்தேத்தண்ணியை ஆறவிட்டு, அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவார். அப்பா சோபாவில் நித்திரை. கேட்கிற ஆள் நான்தான்.

"அந்தாள் செத்து ஐம்பது அறுபது வருசத்தால, அவற்ற சொந்தக்காரர் ஒருத்தர்தான் பிள்ளை இந்தக் கதையை எழுதினது. அற்புதம் எல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த இடத்தைப் பாரும். கடலை நம்பேலாது, என்னவும் நடக்கலாம் எண்டு, போற வழியிலயே அந்தப் பொடியளுக்கு ஞானஸ்நானம் குடுத்தவராம். சரி. தண்ணி ஊத்தேக்க பேர் சொல்லித்தானே ஊத்துறது? எங்கட ஐயர் பேர் நட்சத்திரம் கேளாமல் அர்ச்சனை செய்வாரோ?"

"இல்லை மாமா."

"அப்ப முப்பது தரம் முப்பது பேர் சொல்லியிருக்கு. ஒண்டும் எழுதேல்லை. முப்பது தாய்மாரும் கரையில நிண்டிருப்பினம். அதையும் எழுதேல்லை."

அந்த இடத்தில் அவருடைய புத்தகம் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பிஷப் இன்னும் எத்தனையோ வருடம் வாழ்ந்தார், கிழவராகித்தான் செத்தார். மாமாவோ அந்தக் கடற்கரையை விட்டு நகரவில்லை. இங்கிலாந்தில் இருந்த ஒரு பேராசிரியருக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். பதில் வந்தது. "மரியாதையா எழுதியிருக்கிறார். பேர் ஒண்டும் ஒரு இடத்திலயும் இல்லையாம். எண்டாலும் நல்ல மனுசன், அவற்ற பேரைக் குறிச்சு வைச்சிருக்கிறன்" என்றார்.

எனக்கு அப்போது பதினாறு வயது, இந்த ஆளுக்கு மண்டை பிழை என்றுதான் நினைத்தேன். அம்மாதான் ஒருநாள் சொன்னா: "அவர் வரேக்க பத்தொன்பது வயசு. முதல் இருந்த அகதிக் காம்பில பதினாலு பொடியள் ஒண்டா இருந்தவை. அவர் அந்தப் பதினாலு பேரையும் தேவாரம் மாதிரிச் சொல்லுவார், கேட்டுப் பார்." கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னார். ஊர், தகப்பன் பெயர், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது வரைக்கும். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

கோயில் திருவிழா முடிந்து நன்றியுரை சொல்ல ஒருமுறை அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரேயொரு முறைதான். காசு தந்தவர்களோடு முடிக்கிற ஆளா அவர்? பந்தல் போட்டவர்கள், வெங்காயம் உரித்த பதினொரு பெண்கள், கழிவறை கழுவின இரண்டு பிள்ளைகள், எல்லோரும் வந்தார்கள். கதிரை ஏற்றிவந்த டேனிஷ் லொறிக்காரரும் வந்தார். சோறு ஆறிச் சாம்பாரில் ஆடை படர்ந்துவிட்டது. பின்வரிசையில் ஒருவர், "அண்ணை, பசிக்குது, மிச்சத்தை அடுத்த வருசம் சொல்லுங்கோ" என்று கத்தினார். மாமா அசையவில்லை. "லொறிக்குள்ள அவற்ற நாயும் இருந்தது. அதின்ர பேரைக் கேட்க மறந்துபோனன். சபை மன்னிக்க வேணும்" என்று முடித்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்வெட்டு எழுதுகிற வேலை தானாக வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பது கல்லுமில்லை, வெட்டுமில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சபையில் கொடுக்கிற புத்தகம். மினுங்குகிற தாள், முன்பக்கத்தில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர் பெயராக வம்சம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பெயர்ப் பக்கத்தைத்தான். யார் இருக்கிறார்கள், யார் இல்லை. கிரின்ஸ்டெட்டிலிருந்தும் ஹோர்சன்ஸிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து மாமாவிடம் எழுதுவித்துக்கொண்டு போனார்கள். அவர் எழுதுவதற்கு முதல், "இன்னும் ஆர்?" என்று கேட்பார். சொன்னால், "இன்னும் ஆர்?" பொலிஸ் விசாரணை தோற்றது. கிரின்ஸ்டெட்டில் ஒரு மனிதர் இறந்தபோது அப்படிக் கேட்டுக் கேட்டு, இரண்டு நாள் மட்டும் உயிரோடு இருந்த ஒரு பெண்குழந்தையை வெளியே கொண்டுவந்தார். மூத்த பிள்ளை என்று பட்டியலின் தலையில் போட்டார். அந்தத் தாய், நாற்பது வருடம் வாய் திறக்காத மனுசி, இடியப்பமும் சொதியும் அவித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனதாம்.

இனி என்னுடைய கதை. எனக்கு மாப்பிள்ளை நானே பார்த்தேன். இங்கே பிறந்து ஹோர்சன்ஸில் வளர்ந்த தமிழ்ப் பொடியன், நல்ல வேலை, குடி இல்லை. அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "ஊரில எவடம்?" இந்தக் கேள்வி இடத்தைக் கேட்கிற கேள்வி இல்லை என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். இடத்தைச் சொன்னால் சாதி வந்துவிடும். என் கணவருக்கு அதுகூடத் தெரியாது. அவர் பாவம், கூகிளில் பார்த்து அந்த ஊரின் கடற்கரை எவ்வளவு வடிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு பிறகு எனக்குத் திறக்கவேயில்லை. அண்ணனும் அப்பா பக்கம். அம்மா மட்டும் வேலைக்குப் போகிற வழியில் களவாக ரெலிபோன் எடுப்பா.

ஏழாம் வருடம் அம்மா போய்விட்டா. சவ அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். முப்பத்தோராம் நாளும் போனேன். வாசலில் யாரோ கல்வெட்டைக் கையில் தந்தார்கள். காருக்குள் இருந்து திறந்தேன். அன்பு மகன், அண்ணனின் பெயர். அன்பு மருமகள், அண்ணியின் பெயர். அவ்வளவுதான். என் தாயின் புத்தகத்தில் நான் பிறக்கவேயில்லை. கடைசிப் பக்கத்தில், எழுதியவர் என்று பிஷப் மாமாவின் பெயர்.

அப்படியே ரெலிபோன் எடுத்தேன். "ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திப் போன பொடியளைத் தேடுறியள். கண்ணுக்கு முன்னால நிண்ட என்னைத் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். எத்தனையோ சொன்னேன், சிலது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் மறித்துக் கதைக்கவில்லை. "அப்பா வந்து கேட்டவர் பிள்ளை. என்ர முன்னால இருந்து அழுதவர். நான் விட்டிட்டன். என்ர பிழைதான்" என்றார். நான் ரெலிபோனை வெட்டிவிட்டேன். நாலு வருடம் அவரோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும், என் பெயர், கணவரின் பெயர், பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் முழுதாக எழுதி. கிழித்துப் போடுவேன்.

அப்பா போனதை அண்ணிதான் மெசேஜில் அறிவித்தா. அடக்கத்துக்குப் போனேன், அதே கடைசி வாங்கு. ஒரு கிழமையால், ஞாயிற்றுக்கிழமை காலமை, எங்கள் வீட்டு மணி அடித்தது. பிஷப் மாமா. ஹேர்னிங்கிலிருந்து ரயில் மாறி, பஸ் எடுத்து, மழையில் நனைந்து வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் வாசல் மிதியடியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கோ" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"முதல் சொல்ல வந்ததைச் சொல்லுறன், பேந்து நீர் வாங்கோ எண்டால் வாறன். பிஷப்பின்ர கதையை எழுதினவர் பாவம், பிள்ளை. அறுபது வருசத்தால அவருக்கு அந்தப் பேரெல்லாம் ஆர் சொல்லுறது? தெரியாமல் விட்டவர். நான் தெரிஞ்சுகொண்டு விட்டனான். உம்மட அம்மாவுக்கும் செய்தது துரோகம், உமக்கும் துரோகம். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வந்தனான்."

வாங்கோ என்று கையைக் காட்டினேன். வந்து இருந்தார். பையிலிருந்து கொப்பியை எடுத்தார். அப்பாவின் கல்வெட்டு. என் பெயர், கணவர், பிள்ளைகள், நாலும் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தன.

"அப்பா ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டேன். இதைக் கேட்கக்கூடாது என்று இருந்தேன், கேட்டுவிட்டேன்.

மாமா கொப்பியை மூடி மடியில் வைத்தார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் எனக்காக ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். "ஆஸ்பத்திரியில கேட்டனான். மகளின்ர பேரைப் போடப்போறன், சம்மதமோ எண்டு. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். ஓம் எண்டும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. அவ்வளவுதான் நடந்தது."

குந்தியிருந்து அழுதேன். அவரும் அழுதார். பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு, "இப்ப போட்டு என்ன மாமா? அவர் வாசிக்கப்போறாரோ?" என்றேன்.

"உம்மட பிள்ளையள் வாசிக்குங்கள்."

"அதுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் தமிழில கேட்டால் டேனிஷில மறுமொழி சொல்லுங்கள்."

"தங்கட பேரை எழுதத் தெரியுமெல்லோ? அது காணும்."

"அண்ணன் விடமாட்டான்."

"தம்பியோட நான் கதைக்கிறன்" என்றார். அன்றைக்குத் தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தார்.

என்ன கதைத்தார் என்று தெரியாது. அண்ணன் தலையாட்டினான் என்றும் நாலு பெயரோடும் கொப்பியைக் கொடுத்துவிட்டேன் என்றும் ரெலிபோனில் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. முப்பத்தோராம் நாளுக்குக் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவையாக.

மண்டபத்துக்குள் நுழைகிற இடத்தில், கோட்டுகள் கொழுவியிருந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதில் கல்வெட்டுப் பெட்டிகள். மாமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். அன்பு மகன், அன்பு மருமகள், அவர்களுடைய பிள்ளைகள். அச்சில் அவ்வளவுதான். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது அண்ணன் எங்கள் நாலு பேரையும் எடுத்துவிட்டிருக்கிறான். அதற்குக் கீழே நீல மையில், உருண்டைக் கையெழுத்தில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். அடுத்த புத்தகத்தைத் திறந்தேன், அதிலும் இருந்தோம். காலமை எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்போதே தொடங்கினவராம்.

"வாரும் பிள்ளை. மை காயவேணும், மெல்லமா மூடும்" என்றார்.

உள்ளேயிருந்து அண்ணன் வந்தான். வேட்டி, வெறும் மேல், கையில் தர்ப்பை. அப்பாவைக் கடைசி வரை கழுவித் துடைத்துப் பார்த்தவன் அவன், அதையும் நான் சொல்லவேண்டும். முகம் மெலிந்திருந்தது.

"என்ன மாமா செய்யிறியள்? அச்சடிச்ச புத்தகத்தில கிறுக்கிறியள்."

"எத்தினை புத்தகம் தம்பி?"

"இருநூறு."

"நூற்றிப்பத்து முடிஞ்சுது."

"அப்பாவுக்கு விருப்பமில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்."

"அப்பா ஒண்டும் சொல்லேல்லை. நான் பக்கத்தில இருந்தனான், நீரும் இருந்தனீர்." மாமா பேனையை வைக்காமலே சொன்னார். "வேண்டாம் எண்டு அவர் சொன்னதை நீர் கேட்டனீரெண்டால் சொல்லும், தம்பி. இவ்வளவையும் நான் வெட்டிவிடுறன்."

அண்ணன் நின்றான். உள்ளே ஐயர் மணி அடித்துக் கூப்பிட்டார். ஆட்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். என் மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, யார் இந்த ஆள் என்று டேனிஷில் கேட்டாள். பொய் சொல்ல அண்ணனுக்கு ஒரு சொல் போதும், வேறு ஒருவருக்கும் தெரியவராது. அவன் சொல்லவில்லை. கதிரை ஒன்றை இழுத்து மாமாவுக்கு எதிரே போட்டு இருந்தான். மாமாவின் சட்டைப் பையில் இருந்த மற்றப் பேனையை எடுத்தான். ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினான். மகள் என்று எழுதி என் பெயரை எழுதினான். மருமகன் என்று எழுதி என் கணவரின் பெயரை எழுதினான். அந்தப் பெயரைச் சொல்லித்தானே வீட்டில் அவ்வளவு சண்டை, அது அவனுக்கு மறக்காது. பேரப்பிள்ளைகள் என்று எழுதினான். எழுதிவிட்டு நின்றான்.

மாமா எழுதின புத்தகங்கள் அவனுடைய முழங்கைக்குக் கிட்டவே கிடந்தன. பார்த்து எழுதியிருக்கலாம். பார்க்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என்னோடு கதைத்தான்.

"பிள்ளையளின்ர பேர் என்ன?"

நான் மகளைக் கிட்ட இழுத்துக்கொண்டேன். மாமா தலையைத் தூக்காமல் அடுத்த புத்தகத்தைத் திறந்தார்.

"ஆறுதலாச் சொல்லும் பிள்ளை" என்றார். "தம்பி எழுதட்டும்."

"மாயா" என்றேன். அண்ணன் எழுதினான். "அகரன்" என்றேன். அதையும் எழுதினான்.